மதியழகனின் மூச்சு தங்கிய தொட்டி

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்களில் ஒன்றில், மாநகராட்சிப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் எல்லாரும் மீன்காரத் தெரு என்றே சொல்லிவந்த தெருவில், மதியழகன் என்கிற தொட்டிக்காரர் தன் வீட்டுக் கூடத்தில் புதுத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மறுநாள் உடம்பைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள், ஆனால் கடைசியாக அவர் விட்ட மூச்சு மட்டும் எங்கேயும் போகாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

அது தங்கிய விதம் இதுதான். ஊரார் வீடுகளில் தொட்டி அமைத்துக் கொடுப்பது மதியழகனின் தொழில். கண்ணாடிக்குள் மண்ணைப் பரப்பி, கல்லையும் வேர்க்கட்டையையும் பார்த்துப் பார்த்து வைத்து, செடி நட்டு, தண்ணீர் விட்டு, பார்க்கிறவர்கள் பேச்சை மறந்து நிற்கும்படி ஒரு சின்னக் காட்டை உண்டாக்கிவிட்டு வருவார். எத்தனையோ பேர் வீட்டுக் கூடத்தில் காடு வளர்த்தவருக்குத் தன் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரில்கூடச் செடி கிடையாது. ஐம்பத்தைந்து வயதில்தான் அந்த ஆசை வந்தது, வந்த ஆசை நிற்கவும் இல்லை, ஜன்னலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் இருந்த மனைவியின் தையல் மெஷினை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் தொட்டியை இறக்கினார்.

மனைவி எழிலரசிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். அன்று காலையும் பேசவில்லை. அடுப்படியில் நின்று இஞ்சியை நசுக்கு நசுக்கென்று நசுக்கி, தொண்டை எரிகிற அளவுக்கு அள்ளிப் போட்டு டீ வைத்து, டம்ளரைத் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் டக்கென்று வைத்துவிட்டு, "டீ" என்றுகூடச் சொல்லாமல் பால்கனிக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மதியழகனின் கோபம் வேறு மாதிரி. கோபமாக இருந்தால் கொடுத்த டீயைக் குடிக்க மாட்டார், பக்கத்தில் இருக்கிற அழுக்குத்தண்ணீர் வாளியில் கவிழ்த்துவிட்டு, காலி டம்ளரை ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுவந்து கொடுப்பார்.

தண்ணீர் டிரம் மேஜைமேல் இருந்தது. அதிலிருந்து தொட்டிக்கு ரப்பர் டியூப் போட்டு, இந்தத் தொழில்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, முதல் வாய்த் தண்ணீரை வாளியில் துப்பிவிட்டு, ஓட்டத்தைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டிருந்தார். தொட்டி விளிம்பைத் தொடும் சமயத்தில் ஓட்டம் நின்றது. டியூபில் ஏதோ அடைப்பு. டிரம் பக்கத்து முனையை எடுத்து வாயில் வைத்து ஊதினார். தொட்டிக்குள் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. இன்னொரு முறை, உள்ளே இருந்ததையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினார், ஊதியவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எழிலரசி வந்து பார்த்தபோது டியூபின் ஒரு முனை தண்ணீருக்குள்ளும் மறுமுனை அவர் மடியிலும் கிடந்தது. ஸ்டூலில் டம்ளர் காலியாக இருந்தது. வாளி நிறையக் கலங்கல் தண்ணீர் இருந்தது.

வீட்டைக் கழுவிவிட வந்த குணசுந்தரிதான் முதலில் கவனித்தாள். அவள் எதிர்வீடு. மாடி முழுக்கக் கண்ணாடி பாட்டில்களை அடுக்கி, பாட்டிலுக்கு ஒன்றாகச் சண்டை மீன் வளர்ப்பவள். தொட்டியைச் சுற்றித் துடைக்கத் துடைக்கத் தரை ஈரமாகவே இருக்கிறதே, கண்ணாடி விரிசலோ என்று குனிந்து பார்த்தவள், தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி விளிம்பில் வழிவதையும், பிறகு ஒரு விரற்கடை இறங்குவதையும், மறுபடி ஏறுவதையும் பார்த்தாள். பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் பாயில் படுத்துத் தூங்குகிற ஆளின் மார்பு எப்படி ஏறி இறங்குமோ அப்படி இருந்தது. அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு எழிலரசியைக் கூப்பிட்டு, "எழிலு, அண்ணன் மூச்சு இங்கதான் கீது" என்றாள்.

தெருவில் யாரும் மூக்கின்மேல் விரலை வைக்கவில்லை. பெண்ணாக இருந்த மீன் ஆணாக மாறுவதையும், குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து வளர்க்கிற மீனையும் அன்றாடம் பார்த்து அதையே விற்றுச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஒரு மனிதனின் மூச்சு தண்ணீரில் தங்கியது அவர்களுக்கு நம்ப முடியாத விஷயமாக இல்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாகத்தான் இருந்தது. கருமாதி செய்யலாமா கூடாதா என்று மட்டும் பேச்சு எழுந்தது. உடம்புக்கு உண்டானதை உடம்புக்குச் செய்துவிடுவது, மூச்சுக்கு உண்டானதை மூச்சு போகும்போது பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கருமாதி முடிந்து ஓசூருக்குக் கிளம்பிய மகள் மட்டும், இதை வெளி ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளி ஆட்களுக்குத் தெரியாமல் இருந்ததோ என்னவோ, தெரு அந்தத் தொட்டியைத் தன் வீட்டு நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டது. கரண்ட் போனால் தொட்டி விளக்கு அணையக்கூடாது என்று உரமும் மீன் மருந்தும் விற்கிற தஸ்தகீர் பாய் தன் கடை இன்வெர்ட்டரிலிருந்து மாடி வழியாக ஒயர் இழுத்துக் கொடுத்தார். அந்த வீட்டைத் தாண்டும்போது மீன்வண்டி ஓட்டுகிறவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் குறைந்தது. எழிலரசி தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஏறும்போது தானும் மூச்சை இழுத்து, இறங்கும்போது தானும் விட்டு, அப்படியே மணிக்கணக்கில் இருந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை.

சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். மீன்காரத் தெருவிலும் எழிலரசிக்கு இட்லியும் ரசம் சோறும் தூக்குகளில் வந்தன. ஆனால் மூச்சு இருக்கிற ஒருவருக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டும் அல்லவா? தொட்டிக்குள் மீன் கிடையாது, செடி மட்டும்தான். ஆகவே ஆளுக்கொரு உர பாட்டில் கொண்டுவந்தார்கள். இலைக்கு ஒன்று, வேருக்கு ஒன்று, சிவப்பு நிறம் ஏற ஒன்று, இரும்புச் சத்துக்கு ஒன்று. வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எழிலரசியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பாட்டிலைத் திறந்து ஒரு மூடி அளந்து, வாய்க்கரிசி போடுகிற பக்தியோடு தண்ணீரில் ஊற்றிவிட்டுப் போனார். கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் வந்தார்கள். தஸ்தகீர் பாய், மாத்திரை மாத்திரையாக இருக்கிற வேர் உரத்தைக் கொண்டுவந்து, கையை முழங்கை வரை விட்டு மண்ணுக்குள் ஒவ்வொன்றாகப் புதைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதுத் தொட்டிக்கு உரம் ஊற்றக்கூடாது என்பது அந்தத் தெருவில் தெரியாதவர்களே இல்லை. பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த செடியைத் தண்ணீருக்குள் நட்டால், வெளிக்காற்றில் வளர்ந்த இலை உள்ளே உதவாது என்று செடியே அதைக் கைவிட்டுவிடும். இலை கண்ணாடி போலாகி, கூழாகி, கரையும். கரைந்துவிட்டுத்தான் தண்ணீருக்கென்று புது இலை விடும். அதுவரைக்கும் அதற்கு வேண்டிய சோறு மண்ணிலேயே இருக்கிறது, மேலே ஊற்றுவது பாசிக்குத்தான் போகும், பாதித் தண்ணீரை அடிக்கடி மாற்றிவிட்டுச் சும்மா இருங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் தொண்டை வற்றச் சொல்லுகிறவர்கள் அவர்கள். கடையில் அப்படிச் சொல்லிவிட்டு, மாலையில் கடையை மூடியதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். சாவு வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வர யாருக்கும் மனசு வரவில்லை.

செடிகள் கரைந்தன. முன்வரிசையில் மதியழகன் நட்டிருந்த கிரிப்டோ என்கிற நீர்ச்செடிகள் இலை இலையாகக் குழைந்து விழுந்தன. எழிலரசி பயந்துபோய், வந்து குவிந்திருந்த பாட்டில்களிலிருந்து தானும் காலையில் ஒரு மூடி, மத்தியானம் ஒரு மூடி ஊற்றினாள். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரிதான் அவள் அதைச் செய்தாள், சாப்பிடச் சாப்பிடத் தெம்பு வரும் என்று நம்பினாள். தெம்பு வரவில்லை, பாசி வந்தது. முதலில் கற்களின்மேல் பச்சைப் பொடியாக, பிறகு கட்டையிலிருந்து தொங்குகிற நூலாக, பிறகு கண்ணாடி முழுக்க ஒரு திரையாக வந்தது. தண்ணீர் நாற ஆரம்பித்தது. மூச்சு மாறியது. ஒரு விரற்கடை ஏறி இறங்கியது அரை விரற்கடையானது, பிறகு நூல் அளவானது. சில சமயம் ஏறிய தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றது. நின்றுவிட்டு, வெகுநேரம் கழித்து ஒரு நடுக்கத்தோடு இறங்கியது. அந்த நேரங்களில் எழிலரசியும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். ஒருநாள் குணசுந்தரி வந்து பார்த்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. குணசுந்தரி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்து மூச்சு விட வைத்துவிட்டு, நேரே போய் தஸ்தகீர் பாயைக் கூட்டிவந்தாள்.

பாய் வெறுங்கையோடு வந்தார். கண்ணாடியைச் சுரண்டி ஓர் ஓரத்தில் பார்த்தார், தண்ணீரை விரலில் தொட்டு முகர்ந்தார், பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தப்பு எங்களோடது. கடைக்கு வர்ரவங்களுக்கு வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, இங்க வந்து நாங்களே ஊத்துனோம். இப்ப உள்ளதச் சொல்றேன், மனசத் தேத்திக்கினு கேளு. நாம வுடுற மூச்சுதான் செடிக்குச் சோறு. பாதித் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி வுட்டா செடி பொழைக்கும். பொழைச்சா, மதியோட மூச்சத் தின்னுடும். மாத்தாம வுட்டா தண்ணி அழுகிடும், மூச்சும் அதுலயே அழுகிப் போயிடும்."

எழிலரசி தொட்டிப் பக்கம் திரும்பினாள். "அப்ப அவரு ரெண்டாந்தபா சாவணும்ன்றீங்க" என்றாள்.

பாய் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் போனபிறகு குணசுந்தரியிடம்தான் எழிலரசி அந்த டம்ளரைப் பற்றிச் சொன்னாள். அன்று பேசாமல் டீயை வைத்துவிட்டு வந்ததை, காலி டம்ளரை, நிறைந்த வாளியை, வாளித் தண்ணீரை யாரோ சாக்கடையில் ஊற்றிவிட்டதை எல்லாம் சொன்னாள். அவர் குடித்தாரா, கவிழ்த்தாரா என்று தெரியவில்லை. கவிழ்த்திருந்தால் அவள்மேல் கோபத்தோடுதான் போயிருக்கிறார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த மூச்சு ஒன்றுதான், இன்று இல்லாவிட்டாலும் என்றைக்காவது அது ஒரு வார்த்தை பேசிவிடாதா என்றுதான் அவள் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அதையும் தன் கையால் எடுத்து எப்படிக் கொட்டுவது என்று கேட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததைக் குணசுந்தரி பார்க்கவில்லை.

குணசுந்தரி அவளை அழவிட்டாள். பிறகு, "ஒரு வார்த்த பேசிடுவாருன்னு நீ அவரக் கட்டிப்போட்டு வெச்சிக்கிற. அவரு படற பாட்டப் பாத்தியா?" என்றாள்.

தொட்டியில் தண்ணீர் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். வெளியே ஆட்டோ ஒன்று போனது, யாரோ காய் வாங்கிப் பேரம் பேசினார்கள், தண்ணீர் அப்படியே நின்றது. கடைசியில் அது இறங்கியபோது ஒரு முனகல் சத்தம் வந்ததாக எழிலரசிக்குத் தோன்றியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாயைக் கூப்பிடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதென்று ஆனது. மீன்காரத் தெருவில் ஞாயிறுதான் வியாபாரம், ஊரே அன்றைக்குத்தான் மீன் வாங்க வரும். ஆனாலும் அந்த ஞாயிறு காலையில் கடைகள் பாதி ஷட்டரை இறக்கிவைத்தன. அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது என்று தெருவே பேசி வைத்திருந்ததால், ஆளுக்கொரு வாளியோடு வாசலிலிருந்து தெருமுனை வரை நின்றார்கள். நல்ல தண்ணீரைத் தஸ்தகீர் பாய் முந்தின நாளே டிரம்மில் பிடித்துக் குளோரின் போக வைத்திருந்தார்.

டியூப் அன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை தரையில். அதைத் தொட யாருக்கும் துணிவு வராமல் அத்தனை நாளும் அதைச் சுற்றியே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பாய் அதை எடுக்கக் குனிந்தபோது எழிலரசி தடுத்தாள். டியூபை வாயில் வைப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. மீன் மூத்திரத்தைக் குடிக்கிற வாய் என்று அவரைக் கேலி செய்து, பல் விளக்காமல் பக்கத்தில் வராதே என்று விரட்டிய காலமெல்லாம் உண்டு. இப்போது அவள் தரையில், அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, முனையைப் புடவைத் தலைப்பால்கூடத் துடைக்காமல் வாயில் வைத்து உறிஞ்சினாள்.

முதலில் வந்தது தண்ணீர் இல்லை. அடைப்புக்கு இந்தப் பக்கம் அத்தனை நாள் டியூபுக்குள்ளேயே நின்றுபோயிருந்த காற்று வந்தது. வாய் நிறைய வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அதில் இஞ்சி இருந்தது. கோபத்தில் நசுக்கிப் போட்ட, தொண்டை எரிகிற, வேறு எந்த நாளிலும் அந்த வீட்டில் அவ்வளவு போடாத இஞ்சி. அதற்குப் பின்னால் அடைப்பு விட்டுக்கொண்டு தண்ணீர் வந்தது. தொழில்காரர்கள் முதல் வாயைத் துப்புவார்கள். அவள் துப்பவில்லை. ஓட்டத்தை வாளிக்குத் திருப்பிவிட்டு, வாயில் இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினாள்.

"எழிலு, இன்னா ஆச்சு?" என்று குணசுந்தரி பதறிக்கொண்டு அவள் தோளைப் பிடித்தாள்.

"குடிச்சிருக்காரு" என்றாள் எழிலரசி. "டீய முழுசாக் குடிச்சிருக்காரு."

வாளிகள் நிறைந்து நிறைந்து வாசலுக்குப் போயின, கையிலிருந்து கைக்கு மாறிப் போயின, சிலர் மொட்டைமாடித் தொட்டிகளில் இருந்த செடிகளுக்கு ஊற்றினார்கள், சிலர் வாசல் முருங்கைக்கு ஊற்றினார்கள், வீட்டில் செடி இல்லாதவர்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அதன்பிறகு கொஞ்ச நாள் மீன்காரத் தெருவில் காற்றே இல்லாத மத்தியானங்களில் புங்கமரத்தின் இலைகள் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின, மீன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கேட்டபோது, அது எங்க ஆளு என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர்கள் மீனை அள்ளிக் கவரில் போட்டார்கள்.

வீட்டுத் தொட்டியில் மிச்சம் இருந்த மூச்சு அவசரப்படவில்லை. பாதித் தண்ணீரை எடுப்பதும் நல்ல தண்ணீரை விடுவதும் எழிலரசியின் வேலையானது, ஒவ்வொரு தடவையும் அவளே உறிஞ்சினாள், ஒவ்வொரு தடவையும் இஞ்சி குறைந்துகொண்டே வந்தது. பாட்டில்களையெல்லாம் கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். பாசி வெளுத்து உதிர்ந்தது. கரைந்துபோன கிரிப்டோவின் மொட்டைக் குருத்திலிருந்து நகக்கண் அளவு புது இலை ஒன்று எட்டிப் பார்த்தது, அதற்கடுத்து இன்னொன்று வந்தது. இலை விட விட, தண்ணீர் ஏறி இறங்குவது நின்றுகொண்டே வந்தது. அது வலித்து நிற்கவில்லை, தூக்கம் ஆழமாக ஆக மார்பு அசைவது தெரியாமல் போவது மாதிரி நின்றது. எழிலரசிக்கு அழுகை வந்தது. அழுதாள். ஆனால் நாற்காலியைப் போட்டு எதிரே உட்காரவில்லை.

பால்கனியிலிருந்து தையல் மெஷினை இழுத்துவந்து தொட்டியின் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். ஜன்னலோரத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கத்தான் செய்தது, கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும் என்பது அவர்கள் இருவருக்குமே தோன்றாமல் போய்விட்டது. குணசுந்தரியின் பேத்திக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டிக்குள் இறங்கியபோது, புது இலைகளின் அடியிலிருந்து முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் கிளம்பின. செடி சாப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற நல்ல காற்று அது என்று மதியழகன் வீடு வீடாகப் போய் அடுத்தவர்களுக்குக் காட்டிக் காட்டிச் சொன்னது. அவள் ஒருநாளும் நின்று பார்த்தவள் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, தொட்டியின்மேல் முகத்தைக் கவிழ்த்து, குமிழிகள் மேலே வந்து ஒவ்வொன்றாக உடைய உடைய நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள். பிறகு தஸ்தகீர் பாயின் கடைக்குப் போய், இப்போது ஒரு மூடி உரம் ஊற்றலாமா என்று கேட்டாள். பாய் யோசித்துவிட்டு, அரை மூடி ஊற்று என்றார்.